உப்பேறிய குளம்

புயல் கடந்த ஒன்பதாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றவளை என் மனைவிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆறு வருடங்களாக எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் அரிந்து கொடுத்தவள் அவள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், டாலிகஞ்ச் ரயில் பாதையை ஒட்டி ஒரு அறை எடுத்து, கைக்குழந்தையோடு இருந்தாள். கணவன் வெளிமாநிலத்தில் வேலை. ஊரடங்கு வந்து எல்லாம் மூடியபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள். கேனிங் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஆட்டோவும் படகும் மாறிப் போகவேண்டிய ஒரு தீவு அது. அதன்பின் அவளை நாங்கள் பார்க்கவில்லை. புயலுக்குப் பிறகு அவள் கைபேசியும் செத்துப்போயிருந்தது.

முகத்தில் துணி கட்டியிருந்தாள். கால்கள் முழங்கால் வரை வெடித்திருந்தன. மூன்று இடங்களில் வண்டி மாறி, நடுவில் பாதி வழி நடந்து வந்ததாகச் சொன்னாள். உட்காரச் சொன்னோம். உட்காராமல், "காக்கிமா, தண்ணி" என்றாள். அவளுக்கு நான் காக்கு, அதாவது சித்தப்பா. என் மனைவி காக்கிமா.

மூன்று தம்ளர் குடித்தாள். பிறகு தானாகவே சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்து, கையைக் குழித்துப் பிடித்து மறுபடி குடித்தாள். நிறுத்தவே இல்லை. என் மனைவி அவள் முதுகைத் தொட்டு, "போதும்மா, வயிறு வலிக்கும்" என்று சொன்ன பிறகுதான் குழாயை மூடினாள்.

எங்களுக்கும் ஐந்து நாள் மின்சாரம் இல்லாமல்தான் இருந்தது. மோட்டார் ஓடாததால் தெருமுனை அடிகுழாயில் வரிசையில் நின்று, மாடிக்குத் தண்ணீர் சுமந்தோம். தெருவில் விழுந்த மரங்களை அப்போதும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து நாள் கஷ்டத்தை நான் தொலைபேசியில் மகளிடமும் தூத்துக்குடியில் இருக்கும் தம்பியிடமும் விலாவாரியாகச் சொல்லியிருந்தேன். அவள் குடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சோறு போட்டோம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காக்கு, நீங்க பம்பு ஆளுதானே?"

துறைமுகத்தின் பம்பு ஹவுஸில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பாவும் தூத்துக்குடியிலிருந்து அதே துறைமுகத்துக்கு வேலைக்கு வந்துதான் நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆனோம். கப்பல்களை நிறுத்திப் பழுது பார்க்கும் தொட்டியிலிருந்து நீரை வெளியேற்றுவதும் உள்ளே விடுவதும்தான் என் வாழ்நாள் வேலை. ஆமாம் என்றேன்.

"எங்க குளத்த எறைச்சுக் குடுங்க."

ஆற்றுக்கரை உடைந்து கடல்நீர் ஊருக்குள் வந்ததை அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். எல்லோரும் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறிக்கொண்டார்கள். மண் வீடுகள் கரைந்துவிட்டன. மாடுகள் மிதந்துபோயின. இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னவளுக்கு, குளத்தைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் மாறியது. ஊருக்கே குடிநீர் அந்த ஒரு குளம். இரண்டு அடிகுழாய்களும் மூழ்கி உப்பாகிவிட்டன. குளத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன, இலைகள் அழுகி நீர் கறுத்துவிட்டது. நிவாரணப் படகுகள் வருகின்றன. அரிசி, அவல், தார்ப்பாய், தண்ணீர்ப் பொட்டலம் தருகிறார்கள். பொட்டலங்கள் அன்றே தீர்ந்துவிடுகின்றன.

"அரிசி குடுக்கறாங்க காக்கு. எதுல வேக வைக்கறது? மழை ஆரம்பிக்கறதுக்குள்ள உப்புத் தண்ணிய வெளிய எடுத்துட்டா, மழைத்தண்ணி நிக்கும். எடுக்கலைன்னா மழையும் உப்பாயிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்குக் குடிக்க ஒண்ணுமில்ல."

"குழந்தை எங்கே?" என்று என் மனைவி கேட்டாள்.

"மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். நாளைக்கே திரும்பணும்."

பம்பு தேடுவது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நகரத்தில் வாடகைக்கு விடும் பம்புகள் எல்லாம் கிடங்குகளிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும் நீர் இறைத்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து மதியம் வரை தெரிந்த கடைகளையெல்லாம் கேட்டு ஓய்ந்தபின் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் சினிமாவுக்கு மழை பெய்ய வைப்பவர். பல வருடங்களுக்கு முன் அவர் பம்பைப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நல்ல டீசல் பம்பு. காதலர்கள் நனைவதற்காக வாங்கியது. படப்பிடிப்புகள் நின்றுபோனதால் தகரக் கொட்டகையில் சாக்கு போர்த்தி வைத்திருந்தார்.

நான் கேட்டதும் மழைக்காரர் சாக்கை விலக்கிப் பம்பைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர், இரண்டு மாதமாக வேலை இல்லை.

"இத்தனை வருஷம் தண்ணிய மேல அடிக்கத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார். "பம்பை மட்டும் அனுப்ப மாட்டேன். நானும் வரேன்."

வண்டிக்கு அனுமதிச்சீட்டு வாங்க அலிப்பூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் மனைவி லேக் மார்க்கெட்டில் பாதிக் கதவு திறந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த நம்மூர்க் கடைக்காரரிடம் அவலும் வெல்லமும் மூட்டையாக வாங்கினாள். மருந்துக் கடையில் உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகள் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டாள். பெரிய தண்ணீர் கேன்கள் ஆறு கிடைத்தன. மறுநாள் விடிந்ததும் அவற்றை வண்டியில் ஏற்றும்போது சொன்னாள்:

"நீங்க நிதானமா இருங்க. மாத்திரைய மறந்துராதிய. அந்தப் பிள்ளைய ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க."

சாலை முடியும் படித்துறையில் பம்பைப் படகுக்கு மாற்றினோம். போட்போட்டி என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லும் மோட்டார் படகு. வேலை முடியும்வரை எங்களோடு இருப்பதாகப் படகுக்காரர் ஒப்புக்கொண்டார். ஆற்றின் இரு கரையிலும் மரங்கள் தீயில் வாட்டியதுபோலப் பழுப்பாக நின்றன. உப்புக்காற்று இலைகளைக் கருக்கியிருந்தது. எஞ்சிய கரைகளின் மேல் வரிசையாகத் தார்ப்பாய்கள். படகுச் சத்தம் கேட்டதும் மனிதர்கள் அதன் அடியிலிருந்து வெளியே வந்து கைகாட்டினார்கள்.

ஓரிடத்தில் பத்துப் பதினைந்து பேர் இடுப்பளவு நீருக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார்கள். ஒரு பெண் காலிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். கத்தவில்லை. குடத்தைக் கவிழ்த்து, அதில் ஒன்றுமில்லை என்று காட்டினாள். எங்கள் படகில் ஆறு கேன் தண்ணீர் இருந்தது.

"வேகத்தைக் குறைங்க" என்றேன்.

படகுக்காரர் குறைக்கவில்லை. "நிறுத்தினா எல்லாரும் ஏறுவாங்க. படகு கவிழும். உங்க பம்பு ஆத்துக்குள்ள போயிடும். போகவா, நிறுத்தவா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த இடம் பின்னால் போய்விட்டது. எங்களை அழைத்துப்போனவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மழைக்காரர் எழுந்து படகின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

குளத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பெரியது. நாற்றம் மூக்கில் அல்ல, தொண்டையில் இறங்கியது. உடைந்த ஆற்றுக்கரையை ஊர்க்காரர்கள் மூங்கில் நட்டு, மண் சாக்கு அடுக்கி அடைத்திருந்தார்கள். அதைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். என் கைக்கே அசைந்தது. நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து ஐந்தாம் நாள் பௌர்ணமி. பௌர்ணமியன்று கடல் ஓதத்தில் ஆறு ஏறும். அதற்குள் குளத்தை இறைத்து, சகதியை அள்ளி, அதன் கரையை இடுப்பளவு உயர்த்திவிட்டால் ஊருக்குள் கொஞ்சம் நீர் வந்தாலும் குளம் தப்பும் என்று ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு பம்பை வைத்து முடியுமா என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து கேன்களை அன்றே தம்ளர் கணக்கில் பங்கிட்டார்கள். ஒன்றை மட்டும் எனக்கும் மழைக்காரருக்கும் என்று பம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஊர்க்காரர்களே அப்படிச் செய்யச் சொன்னார்கள். "நீங்க படுத்துட்டா யாரு ஓட்டறது?" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது.

பம்பு ஓடியது. குளத்து நீரை வாய்க்காலில் விட்டு, ஆறு வற்றும் நேரம் பார்த்து மடையைத் திறந்து வெளியேற்றினோம். அரை மணிக்கு ஒருமுறை அழுகிய இலையும் மீனும் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். பெண்கள் கழுத்தளவு அந்த நீரில் இறங்கிக் கையால் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. ஆண்கள் வெட்டிய மண்ணைக் கரையில் போட்டு மிதித்தார்கள். மற்றவர்கள் குளத்தைச் சுற்றி உட்கார்ந்து நீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் இறங்கினால் ஒரு குச்சி நடுவார்கள்.

மூன்றாம் நாள் மாலைக்குள் அடிச் சகதி ஓரங்களில் தெரிந்தது. ஒரு சைக்கிள், நெளிந்த கூரைத் தகரங்கள், ஒரு பசுவின் உடல். எங்களை அழைத்து வந்தவள் ஒரு தகரத்தை இழுத்துக் கழுவிப் பார்த்து, "இது எங்க வீட்டுது" என்றாள். மூன்று நாளில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். ஊரார் அவளிடம் மரியாதையாகப் பேசினார்கள். பம்பைக் கொண்டுவந்தவள் அவள்தானே.

அந்த மூன்று நாளும் நான் அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. என் மனைவி சொல்லியனுப்பியது நினைவில் இருந்தது. எழுந்தால் பம்பு, படுத்தால் பம்பு என்று இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் டீசல் அரை கேன்தான் மிச்சம். இன்னும் ஒரு நாள் ஓட்டினால் குளம் காலியாகும். டீசல் வாங்கக் கிளம்பும்படி படகுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு வயதுப் பெண் குழந்தை. எங்கள் வீட்டுக் கூடத்தில் தவழ்ந்தது, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. இப்போது அதன் கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளியது அப்படியே நின்றது.

"எவ்வளவு நாளா வயித்தால போகுது?"

"நேத்து மத்தியானத்துலேருந்து. பொட்டலத் தண்ணி தீந்துடுச்சு. அந்தக் குளத்துத் தண்ணியத்தான் மாமியார் காய்ச்சிக் குடுத்தாங்க."

என் கேனைத் திறந்து உப்பு சர்க்கரைப் பொடி கரைத்துக் கொடுத்தேன். அவர்கள் தங்கியிருந்த தார்ப்பாய் பம்பிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. கேனில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. குழந்தை ஒரு வாய்கூட விழுங்கவில்லை. வாயோரமாக வழிந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றேன் படகுக்காரரிடம்.

"ஆஸ்பத்திரி மேற்க. டீசல் கிழக்க" என்றார் அவர். "ரெண்டுக்கும் போக முடியாது. தண்ணி வத்திட்டா படகு சேத்துல உக்காந்துடும். நாளைக்குத்தான் திரும்ப முடியும். எதுக்குப் போகட்டும்?"

அவள் குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். கரையில் மண் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

"டீசல் முதல்ல வரட்டும் காக்கு" என்றாள். "அப்புறம் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லும்போது குழந்தையின் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அதை மனமாரச் சொல்லவில்லை. யாராவது மறுத்துச் சொல்லமாட்டார்களா என்று கேட்பதுபோல இருந்தது.

"ஏறு" என்றேன். "சாயங்காலம் வரைக்கும் இது தாங்காது. ஏறு."

ஏறினாள். படகுக்காரர் மேற்கே திருப்பினார். கேனையும் அதில் ஏற்றிவிட்டேன். முதல் நாளே அது அவள் தார்ப்பாய்க்குப் போயிருக்க வேண்டும்.

மதியம் பம்பு நின்றது. அக்கம்பக்கத் தீவுகளில் டீசல் கேட்டு ஒரு துடுப்புப் படகை அனுப்பினார்கள். இரண்டு புட்டி கிடைத்தது. ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. பிறகு பானை, வாளி, சட்டி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் குளத்துக்குள் இறங்கினார்கள். மழைக்காரரும் இறங்கினார். நானும் இறங்கினேன். முப்பத்துநான்கு வருடம் பம்பு ஓட்டியவன், ஒரு அலுமினியச் சட்டியால் குளத்தை இறைத்தேன். இருட்டும் வரை இறைத்து ஒரு விரல் அளவு குறைந்திருக்கும்.

மறுநாள் முற்பகல் ஆறு ஏறியது. சத்தமே இல்லாமல் ஏறியது. மூங்கில் அடைப்பு முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாக்குகளைத் தோளால் தாங்கிப் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள். ஓடியவர்களைத் தாண்டி நீர் வந்தது. வயலை நிரப்பி, நாங்கள் உயர்த்திய குளக்கரை வரை வந்து, ஒரு நிமிடம் நின்றது. அந்த ஒரு நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரை தாங்கிவிடும் என்று நினைத்தேன். பிறகு ஈரமண் ஒரு மூலையில் சரிந்தது. ஒரு வேளைச் சோறு உண்ணும் நேரத்தில் குளம் மறுபடி நிரம்பிவிட்டது. நட்ட குச்சிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. யாரும் அழவில்லை. ஒருவர் தன் வாளியை எடுத்து நீருக்குள் வீசினார், அவ்வளவுதான்.

பம்பு வேலை தெரிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டும். டீசல் வந்திருந்தாலும் அந்தக் கரை நின்றிருக்காது. ஈரமண், ஒரு நாளில் இறுகாது. இன்னும் ஒரு முழம் உயர்த்தியிருந்தால் ஒருவேளை நின்றிருக்கும் என்று தோன்றும் நாட்களும் உண்டு. அன்று டீசல் வந்து பம்பு ஓடியிருந்தால் இறைக்கப் போன எல்லோரும் மண் வெட்டியிருப்பார்கள். எனக்குத் தெரியாது.

கரை சரிந்த அன்று மாலையே படகுக்காரர் திரும்பிவிட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் ஒரு நிவாரணப் படகில் வந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. சலைன் ஏற்றிய கையில் பிளாஸ்திரி இருந்தது. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் சிரமம் என்று அங்கே சொன்னார்களாம். படகிலிருந்து இறங்கியவளுக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் கூடியது. அவளைக் கூட்டத்துக்கு அழைத்ததாகவும் சொல்ல முடியாது. தார்ப்பாய்க்குப் போகும் வழியில் அவளே வந்து மாட்டிக்கொண்டாள். நானும் மழைக்காரரும் வராந்தாவின் ஓரத்தில், வீட்டுக்குக் கிளம்புவதற்காகப் பம்பின் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

அவளுடைய அடுத்த வீட்டுக்காரி, வயதில் மூத்தவள், முதல் நாளிலிருந்து கழுத்தளவு நீரில் நின்று இலை பிடுங்கியவள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"உனக்கு ஒரு புள்ள. எங்க வீட்ல புள்ளைங்க இல்லையா? படகை எடுத்துட்டுப் போக யாரைக் கேட்ட?"

"எல்லாருக்கும் பொதுவான படகு அது" என்றார் ஒரு பெரியவர். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இன்னும் பலர் பேசினார்கள். திட்டவில்லை. ஒரு வருடத்துக்கு எங்கே போய்த் தண்ணீர் குடிப்பது என்று அவளிடமே கேட்டார்கள், அவளுக்குத் தெரியும் என்பதுபோல. அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரே ஒருமுறை.

என் கையில் ஸ்பேனர் இருந்தது. குழாயின் போல்ட் ஏற்கெனவே கழன்றுவிட்டது. நான் அதை மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தேன். நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வரி. அவர்கள் மொழி எனக்கு என் தாய்மொழி மாதிரித்தான் வரும். சொல்லவில்லை. பம்பைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று பயந்ததாகப் பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று மட்டும் இருந்தது.

"ஆமா" என்றாள் அவள். "நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

கூட்டம் கலைந்தது.

திரும்பும் படகில் நெடுநேரம் கழித்து மழைக்காரர் சொன்னார், "நீங்க சொல்லியிருக்கலாம்."

வீட்டில் எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே என் துணிகளை வெந்நீரில் ஊறவைத்தாள். முடித்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"அவள ஊரே ஏசுது. நீங்க போல்ட்ட முடுக்கிக்கிட்டு இருந்தியளாக்கும்."

அன்று இரவு எனக்குச் சாப்பாடு போட்டாள். மறுநாளும் போட்டாள். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "எப்பம் திரும்பப் போறிய?" என்று கேட்டாள்.

பதினைந்து நாள் கழித்துத்தான் போக முடிந்தது. அதற்குள் ஆற்றுக்கரையைக் கொஞ்சம் பலமாக அடைத்திருந்தார்கள். இந்த முறை இரண்டு பம்புகள். ஒன்று மழைக்காரருடையது, அவரும் வந்தார். போதிய டீசலும் முப்பது கேன் தண்ணீரும் கொண்டுபோனோம். படகிலிருந்து இறங்கியதும் முதலில் அவளைத்தான் தேடினேன். தார்ப்பாய்க்குள் மாமியார் மட்டும் இருந்தாள்.

"போயிட்டா" என்றாள். "புள்ளையத் தூக்கிட்டு, வேலைக்கு ஆள் எடுக்க வந்தவங்களோட போயிட்டா. புருஷன் இருக்கற ஊருக்கு. குளத்துப் பக்கம் போனா யாரும் பேச மாட்டேங்கறாங்கன்னு அழுதா."

பம்பை இறக்கும் முன் வராந்தாவுக்குப் போனேன். பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரியும் இருந்தாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். அவள் டீசல் முதலில் வரட்டும் என்றுதான் சொன்னாள், படகை அனுப்பியது நான், அன்று வாய் திறக்காதது என் தப்பு. டீசல் வந்திருந்தாலும் கரை நின்றிருக்காது என்பதையும் சொன்னேன்.

யாரும் வியப்படையவில்லை. ஒரு பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "படகுக்காரர் திரும்பி வந்த அன்னிக்கே சொன்னாரு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அப்போ ஏன் அவளைக் கேட்டீங்க?"

"உங்களை என்ன கேக்கறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "நீங்க பம்பு வச்சிருக்கீங்க. உங்களை ஒரு வார்த்தை சொல்லி, நீங்க திரும்பி வராம போயிட்டா? அவ எங்க பொண்ணு. அவளைச் சொல்லலாம்."

"அவளை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றாள். பிறகு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இலை பிடுங்கக் குளத்துக்குள் இறங்கினாள்.

ஐந்து நாளில் இறைத்து முடித்தோம். முதல் மழைநீர் சகதியிலிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு நின்றது. அதையும் இறைத்து வெளியே விட்டோம். அதன்பின் வந்த மழைகள் நின்றன. அந்த வருடம் குளத்து நீரில் சோறு வடிக்க முடிந்தது. குடிப்பதற்கு இன்னொரு மழைக்காலம் ஆனது. அதற்குள் பாதி வீட்டு ஆண்கள் வேறு மாநிலங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். சில வீடுகள் பூட்டக்கூட ஒன்றுமில்லாமல் மண்மேடுகளாகவே நின்றுவிட்டன.

துர்கா பூஜை முடிந்த வாரம் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. திருப்பூரிலிருந்து. கணவனோடு பனியன் கம்பெனியில் வேலை, குழந்தை நன்றாக இருக்கிறது என்றாள். நான் ஊரில் சொன்னதை அவளிடமும் சொன்னேன். அன்று வராந்தாவில் வாய் திறக்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள் என்றேன். மறுமுனையில் தையல் எந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"குளத்துல தண்ணி எப்படி இருக்கு, காக்கு?"

"இன்னும் கொஞ்சம் கரிக்குது."

"ம்" என்றாள். "காக்கிமாகிட்ட குடுங்க."

மன்னித்ததாகவோ இல்லையென்றோ அவள் இன்றுவரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். அங்கே வீட்டுக்காரம்மா பேசுவது புரியவில்லை என்றதும் நாலைந்து தமிழ் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில், ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, பழைய அறையும் காலியாகத்தான் கிடக்கிறது, திரும்பி வந்துவிடு என்று கூப்பிட்டாள்.

"வரமாட்டேன் காக்கிமா" என்றாள் அவள். "அங்க இருந்தா லீவு நாளைக்கு ஊருக்குப் போகச் சொல்லும் மனசு."

என் மனைவி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்க ஆரம்பித்தாள்.